நடுக்குவாதமும் அதன் மருந்தும்

(வேங்கிக்கால் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் குடும்பங்களிலுள்ள முதியோர் சிலருக்குக் கை நடுங்குகிறது, நடை சிறுத்துவிடுகிறது, சரீரம் மரம்போல் இறுகுகிறது. வைத்தியர் மாத்திரை கொடுக்கிறார். காலையில் தாமே சட்டை தரித்துக்கொண்ட பெரியவர், பதினொரு மணிக்கு நாற்காலியை விட்டு எழமாட்டாதவராகிறார். உடனே வீட்டார், “சற்று முன் நன்றாக நடந்தீர்களே, இப்பொழுது என்ன சோம்பல்?” என்று கடிந்துகொள்கின்றனர். இக்கடுஞ்சொல் அநியாயமானது என்பதைக் காட்டவே நாம் பேச முற்பட்டோம்.

1817-ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் இந்நோயை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். பின்னர் அவர் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. நடுமூளையிலுள்ள கரிய பாகமொன்றில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் அழிவதனால் அசைவு குன்றுகிறது. டோபமினை நேரே கொடுத்தால் அது மூளைக்குள் புகாது. அதன் மூலப்பொருளாகிய லெவோடோபா புகும். புகுந்து டோபமினாக மாறும்.

இவ்விடத்தில் நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. தொட்டவர் உடலைத் தினவெடுக்கச் செய்யும் பூனைக்காலிக் கொடியை அறியாதார் யார்? அதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தவர்கள், சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமோதரனும் இராமசுவாமியும் ஆவர். இந்நோய்க்கு அது மருந்தாகுமென்று அன்று எவரும் கருதவில்லை. 1957-இல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸன், அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா கொடுத்து எழுந்து நடமாடச் செய்தார். அம்முயல்களை அசைவறச் செய்த ரிஸர்ப்பினும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிற் கிடைப்பதே என்பது வேடிக்கை! 1961-இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போடப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் கோட்ஸியஸ் டோபாவை வாய்வழியே கொடுத்துப் பயன் கண்டார்.

மருந்து எல்லாக் குறிகளையும் ஒருங்கே தீர்ப்பதன்று. மந்தமும் விறைப்பும் நன்கு இளகும். நடுக்கம் சிலருக்குத் தணியும், சிலருக்கு அவ்வளவாகத் தணியாது. நிலைதவறி விழுதல் பெரும்பாலும் அடங்குவதில்லை. கை இன்னும் நடுங்குகிறதென்று மாத்திரையை நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் ஜ்வரமும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம்.

ஆரம்ப வருஷங்களில், எஞ்சிய உயிரணுக்கள் மருந்தைச் சேமித்துச் சிறுகச் சிறுக வழங்குகின்றன. அவையும் குறைந்தபின், இரத்தத்தில் மருந்து ஏறும்போது இயக்கம் வருகிறது, இறங்கும்போது போகிறது. பதினொரு மணிக்குப் பெரியவரைக் கட்டிப்போட்டது இதுவே. மருந்து ஏறிய வேளையில் சிலர் உடல் தானே நெளிந்தாடும். அதை நோயென்று எண்ணி இன்னொரு மாத்திரை கொடுப்போரும் உளர். அந்தோ, அது மருந்தின் மிகுதியால் வருவது!

பருப்பு, பால், மாமிசம் ஆகியவற்றின் புரதம் மருந்தோடு போட்டியிட்டு அதை உட்புகவொட்டாது தடுக்கும். ஆதலின் உணவுக்கு அரைமணி முன்னரே அதை உட்கொள்ளுதல் நலம். குமட்டலுள்ளோர் வைத்தியரைக் கேட்க. கலியாண வீட்டில் “பந்தி முடியட்டும்” என்று மாத்திரையைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை நம் பெண்மக்கள் விட்டொழிக்க வேண்டும்.

பூனைக்காலிச் சூரணமே போதாதோ எனச் சிலர் வினவுவர். 2004-இல் இலண்டனில் எட்டு நோயாளிகளிடம் சோதித்தபோது, முப்பது கிராம் சூரணம் மாத்திரையினும் விரைவில் வேலை செய்தது மெய்யே. ஆயினும் விதைக்கு விதை சத்து வேறுபடும். மாத்திரையோடு தாமாகச் சேர்த்துண்டால் அளவு மிஞ்சும்.

நம் ஊர்ப் பெரியவர்கள் பௌர்ணமிதோறும் கிரிவலம் போக ஆசைப்படுவர். பாதையோ 14 கிலோமீட்டர். மருந்து நடுவழியில் இறங்குமாதலால், அடுத்த வேளை மாத்திரையையும் மணி பார்த்துக் கொடுக்கத்தக்க ஒரு பிள்ளையையும் உடன் அனுப்புங்கள்.