நீர்ப்பம்பியினுள் தீ பரவும் விதம்

கமக்காரர்களே,

உங்கள் பெற்றோல் நீர்ப்பம்பி நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடுமாயின், பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கும் நேரம் ஒரு செக்கனின் 120இல் ஒரு பங்கே. பிளக்கில் எழும் பொறி அதற்குள் கலவை முழுவதையும் எரித்தாக வேண்டும். அசைவற்ற கலவையிற் சுவாலை அத்துணை விரைவாய்ப் பரவாது. சுழன்று குழம்பும் கலவையோ சுவாலையின் முகத்தை மடித்துச் சுருக்கி, எரியும் பரப்பைப் பெருக்குகின்றது. அளவு மிஞ்சினாற் கேடே: பெற்றோல் குறைந்த கலவையிற் கடுஞ்சுழல், அப்போதே பிறந்த சுவாலையை அணைத்துவிடவுங்கூடும்.

பல இயந்திரங்களில் மேலேறும் பிஸ்டன், சிலிண்டர் தலையை நெருங்கிக் கலவையைப் பிதுக்குவதாலேயே இக்குழப்பம் வலுக்கின்றது. இங்கிலாந்தின் றிக்காடோ முதலாம் உலகப் போரின் பின் இதனைப் பயன்படுத்தித் தலைகளை அமைத்தார்.

ஆகவே, தலையைக் கழற்றிக் கரி சுரண்டியபின் தடித்த காஸ்கற் இடாதீர்கள். இடைவெளி கூடினால் அமுக்கமும் சுழலும் குறையும்; எரிவு பிந்தும்; அதே தோட்டத்துக்கு நீர் இறைக்கக் கூடுதலான பெற்றோல் செலவாகும்.