எழும்பூரில் கிடைக்கும் கூலி



"ஒரு பைசா வராத வேலைக்கு இப்படி ஓடுகிறாயே, என்ன கிடைக்கிறது உனக்கு?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வப் பணியைத்தான் சொல்கிறேன். 1851-ல் தொடங்கப்பட்ட அந்த இடத்தில் எனக்குக் கிடைக்கும் கூலி என்ன என்பதை இன்று இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கலை. பள்ளிப் பிள்ளைகளை அவர் முன்னால் நிறுத்தி, நான் ராஜராஜனில் ஆரம்பிப்பதற்குள் ஒரு சிறுமி விரல்விட்டு எண்ணினாள். "சார், மூணு கைதான் இருக்கு!" எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சாமிக்கு நாலு கை, அதுல பாதி ரெண்டு. அம்மனுக்கு ரெண்டு கை, அதுல பாதி ஒண்ணு." சிற்பி போட்ட கணக்கை ஒரு குழந்தை கண்டுபிடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் பேறு இருக்கிறதே, அதற்கு என்ன சம்பளம் ஈடாகும்?

திருமேனிகளின் பீடத்தில் துளைகளைக் காட்டி, வீதியுலாவுக்குத் தண்டு கோக்கும் இடம் என்று சொல்வது என் வழக்கம். ஒருமுறை, ஊரில் சாமி தூக்கிய பெரியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். தெருமுனையில் திரும்பும்போது முன்னால் நிற்பவர் எப்படித் தோள் மாற்றுவார் என்று அங்கேயே நடந்து காட்டினார். விளக்கம் சொல்லப் போனவன் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட திருமேனிகளுக்கு மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகை வடித்து, உலோகம் வார்க்கிறார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அந்த அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. சுவாமிமலையில் இன்றைக்கும் இதுதான் முறை. இதைச் சொன்னதும், கண்ணாடிப் பேழையைக் கடந்து போனவர்கள் திரும்பி வந்து பார்க்கிறார்கள். பெயர்ப்பலகையால் அது முடிவதில்லை. சொல்ல ஆள் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, கல்லூரி மாணவர்களே, வாருங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, மற்ற நாள்களில் போய் விசாரியுங்கள். தாமிரபரணிக் கரைக்காரர்கள் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு பேசுவோர் யாராவது இருந்தால் அமராவதிச் சிற்பங்களுக்கு உடனே தேவை. ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்லலாம்.