சம்பளம் மட்டும்தானா?

ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகும் தாதியரைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லாரும் சொல்லும் காரணம் அந்த ஊர் வெள்ளி. அதில் பொய்யில்லை. ஆனால், ஒரு வார்டில் சுறுசுறுப்பாக இருந்த தாதி, அதே சம்பளத்தில் அடுத்த வார்டுக்கு மாறியதும் சோர்ந்து போகிறாரே, அது ஏன்?

வேலை பிரித்துக் கொடுக்கப்படும் விதத்தில் இதற்கு விடை இருக்கிறது. ஹேக்மேன், ஓல்ட்ஹாம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1976இல் ஐந்து அம்சங்களைச் சொன்னார்கள்: பலவகைத் திறன், முழுமையான பணி, அதன் முக்கியத்துவம், சுயமாக முடிவெடுக்கும் உரிமை, செய்த வேலையின் பலனை அறிதல். அந்த ஐந்தில் சம்பளம் இல்லை!

வார்டில் ஒருவர் காய்ச்சல் பார்ப்பார், ஒருவர் மருந்து கொடுப்பார், இன்னொருவர் கட்டுப் போடுவார். வேலை வேகமாக நடக்கும். ஆனால், மூன்றாவது படுக்கைப் பாட்டி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பது யார் கணக்கில் சேரும்? இதற்கு மாற்றாகத்தான், ஒரு நோயாளிக்கு ஒரு தாதியே முழுப் பொறுப்பு என்ற முறை 1960களின் இறுதியில் மினசோட்டாவில் தோன்றியது. கூட்டம் நிறைந்த சுல்தானா அமினா மருத்துவமனையில் அதை அப்படியே செய்ய ஆள் போதாது. நாலைந்து படுக்கைகளை ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை.

நேரமும் வேலையின் வடிவந்தான். ஷிப்டு முறைத் தாதியரின் 42 மணி நேர வாரத்தை 45 ஆக்கும் திட்டம், 2024 டிசம்பரில் தொடங்கிய புதிய ஊதிய முறையோடு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தாதியருக்கு அது தள்ளிவைக்கப்பட்டது. மூன்று மணி நேரந்தானே என்பவர்கள் ஒரு முறை இரவு 9 முதல் காலை 7 வரை நின்று பார்க்கட்டும்.

மருத்துவர்களின் கதையும் வேறல்ல. 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றபோது, நிரந்தர வேலையும் நிபுணத்துவப் பயிற்சிக்கு வழியும் கேட்டார்கள். நாளை என்ன ஆவோம் என்று தெரியாதவரிடம் இன்று முழு மனத்தை எதிர்பார்ப்பது எப்படி?

பலனை அறியும் விஷயந்தான் மிகவும் பரிதாபம். புகார்க் கடிதம் வார்டுக்கு உடனே வந்துவிடும். குணமாகி மூவார் போய்ச் சேர்ந்தவரின் செய்தி வருவதேயில்லை. தள்ளுவண்டி இழுக்கும் உதவியாளருக்கோ, தாம் கொண்டுபோய் விட்டவர் பிழைத்தாரா என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை.