பாவாபுரியில் ஏற்றிய விளக்கு



தீபாவளி என்றதும் நமக்கு நரகாசுரன் கதையே நினைவுக்கு வரும். அதனையொட்டி வரும் அமாவாசையைச் சமணர்கள் வேறொரு காரணம் பற்றிப் போற்றுகின்றனர். இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய மகாவீரர், தமது 72-ஆம் வயதில் வீடுபேறு எய்திய இரவு அது. மரபுக் கணக்கின்படி ஆண்டு கி.மு. 527, இடம், இன்றைய பீகாரிலுள்ள பாவாபுரி.

பெங்களூர்ச் சிக்குப்பேட்டையில், நம்மைப் போலவே வேற்று மாநிலங்களிலிருந்து வந்து குடியேறிய சமண வணிகர் பலர் உளர். அவர்களுள் முதியவர் ஒருவரை நான் வினவினேன்: "ஆசான் மறைந்த நாளில் துக்கம் காப்பதன்றோ முறை? விளக்கேற்றுவானேன்?"

அவர் கல்பசூத்திரம் கூறும் செய்தியைச் சொன்னார். அன்று நோன்பிருந்த காசி, கோசல நாட்டு அரசர் பதினெண்மர், அறிவொளி நீங்கிவிட்டது, புற ஒளியையேனும் ஏற்றுவோம் எனக் கருதி விளக்கேற்றினராம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்போது ஒன்று புலனாயிற்று. நிர்வாணம் என்னும் வடசொல்லுக்கு அவிதல் என்பது நேர்ப்பொருள். சமணர் கருத்தில் அங்கே அழிந்தது வினை, உயிரன்று.

பெரியவர் மேலும் ஒரு கதை சொன்னார். மகாவீரரின் தலைமாணாக்கர் இந்திரபூதி கௌதமர். ஆசான்மீது அவர் கொண்ட பற்றே அவருக்கு முழுஞானம் கிட்டாமல் தடுத்தது. இறுதி நாளில் மகாவீரர் அவரைப் பக்கத்து ஊருக்கு அறம் உரைக்க அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் செய்தி கேட்ட கௌதமர், "அருகிருக்கவும் விடவில்லையே" என்று புலம்பினார். புலம்பலின் நடுவே, தம்மைக் கட்டியிருந்தது அப்பற்றே என உணர்ந்தார். அது கழன்றதும் கேவலஞானம் எய்தினார்.

என் தந்தையார் ஊரில் மறைந்தபோது நான் இந்நகரில் இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் அனைத்தும் முடிந்திருந்தது. பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம்மில் பலருக்கு இவ்வனுபவம் புதிதன்று. அருகில் இல்லாது போனோமே என்னும் குறையை நெடுங்காலம் சுமந்தவன் நான். கௌதமர் கதை அச்சுமையைச் சற்றே இறக்கி வைத்தது.

ஆகவே சமணர்தம் தீபாவளி ஆரவார விழாவன்று. நோன்பும் வழிபாடும் அதன் உள்ளீடு. சிற்றுயிர்களுக்குத் தீங்காகும் என்று வெடியைத் தவிர்ப்போர் அவர்களுள் பலர். மறுநாள் வீர நிர்வாண ஆண்டு பிறக்கிறது.

தமிழில் விளக்கு என்பது சுடரையும் குறிக்கும். 'தெளிவாக்கு' என்னும் ஏவலும் ஆகும். சென்றவர் காட்டிய நெறியை நம் வாழ்வில் தெளிவாக்குவதே அவருக்கு நாம் ஏற்றும் விளக்கு.