மடவை மீன்: வேண்டுமா, வேண்டாமா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கரையோரத்தில் பிடிக்கும் மீன் வீட்டுச் சமையலுக்கு ஆகுமா என்பதே இன்றைய அரங்கின் கேள்வி. அதில் மடவை மீனைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். மலாய்க்காரர்கள் பெலானாக் என்று சொல்வது இந்த மீனைத்தான். பசாரில் தெங்கிரிக்கும் வவ்வாலுக்கும் நீளும் கை, மடவையிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. கணவர் ஆசையோடு பிடித்து வந்தாலும், "சேத்து வாடை அடிக்குது, இதை யாருங்க சாப்பிடுவா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். இந்த வெறுப்பு நியாயம்தானா?

ஆயர் தாவார் என்றால் நன்னீர் என்று பொருள். ஆனால் அங்கிருந்து உப்பு நீர் தூரத்தில் இல்லை. தென்மேற்கே சித்தியவானும் லுமுட்டும், வடமேற்கே பந்தாய் ரெமிசும் இருக்கின்றன. டிண்டிங் ஆறு லுமுட்டில் கடலைச் சேர்கிறது. ஆறும் கடலும் கலக்கும் அந்தச் சேற்றுக் கரைகளும் பாக்காவ் மரங்களும்தான் மடவைக்குப் பிடித்த இடங்கள். ரப்பர் தோட்டங்கள் செம்பனையாக மாறி, லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், தூண்டிலோடு கரைக்குப் போகும் பழக்கம் நம்மவர்களிடம் விட்டுப்போகவில்லை. மீன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும் இந்நாளில், கரையில் கிடைக்கும் நாலு மீன் ஒரு குடும்பத்துக்குச் சிறிய விஷயம் அல்ல.

சேற்று வாடை எங்கிருந்து வருகிறது?

மடவை பிற மீன்களை வேட்டையாடித் தின்னும் மீன் அல்ல. சேற்றின் மேல் படிந்திருக்கும் நுண்பாசியையும், மக்கிப்போன இலைதழைகளின் துகள்களையும் மண்ணோடு சேர்த்து உறிஞ்சும். கோழிக்கு இரை அரைக்கும் தசைப்பை இருப்பதுபோல் மடவைக்கும் உண்டு. குடலும் மிக நீளம். அந்தக் குடல் நிறையச் சேறு இருக்கும். மீன் செத்து வெயிலில் கிடந்தால் குடல் சீக்கிரம் அழுகி, வாடை சதையில் ஏறிவிடும். இது ஒரு காரணம்.

சில வகை நீர்ப்பாசிகளும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் இதுவே காரணம். இது மீனின் சதையில் சேர்வது இரண்டாவது காரணம். புளிப்புப் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து, வாடை குறையும். மடவையைப் புளிக் குழம்பாக வைத்த பாட்டிமார்களுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் பக்குவம் தெரிந்திருந்தது.

பிடிக்கும் முறை

பேராக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி வற்றும். நீர் ஏறும்போது மடவைக் கூட்டம் இரை தேடிக் கரையோரச் சேற்றுக்கும் ஓடை வாய்க்கும் வரும். நீர்ப்பரப்பு சிலிர்ப்பதையும், மீன் துள்ளுவதையும் பார்த்தே கூட்டம் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். இதற்கு வாய் சிறியது, உதடு மெல்லியது. பெரிய முள்ளும் இறால் இரையும் அவ்வளவாகப் பயன்படாது. சிறிய முள், மெல்லிய நரம்பு, லேசான தக்கை, பிசைந்து உருட்டிய ரொட்டி இவை போதும். மடவை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும். தக்கை நடுங்கும்போதே மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாகச் சுண்டினால் உதடு கிழிந்து மீன் தப்பிவிடும்.

வீச்சு வலை போடுகிறவர்கள், அந்த இடத்தில் உரிமம் தேவையா என்று மீன்வள இலாகாவில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. வெடி, விஷம், மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.

தண்ணீரின் ருசிதான் மீனின் ருசி

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்றில் பிடித்த மடவையில் மண்ணெண்ணெய் வாடை அடிப்பதாகப் புகார் எழுந்தது. 1970களில் ஆய்வாளர்கள் சோதித்தபோது, மண்ணெண்ணெயை ஒத்த பொருள்கள் மீனின் உடலிலேயே சேர்ந்திருந்தது தெரிய வந்தது. மடவை சேற்றைத் தின்பதால், சேற்றில் படிவது எதுவோ அது மீனுக்குள்ளும் போகிறது.

ஆகவே படகுத்துறை, பட்டறை, ஆலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை ஆகியவை கலக்கும் இடத்தில் பிடித்த மடவையை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். புளி ஊற்றினால் மண்வாடை போகும். எண்ணெயும் ஈயமும் போகா. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகா.

சுத்தமான நீரில் பிடித்ததென்றால் கதையே வேறு. பெரிய மீன்களைத் தின்னும் மீன்களில் பாதரசம் அதிகம் சேரும், மடவை அப்படிப்பட்டதல்ல. பாதரசம் குறைவாக உள்ள மீன்களின் வரிசையில்தான் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இதை வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பழவேற்காட்டு மடவைக்குத் தனி மதிப்பு உண்டு. இதன் சினையை உப்பிட்டு உலர்த்தி ஜப்பானியர்கள் கராசுமி என்றும், இத்தாலியர்கள் பொத்தார்கா என்றும் விலை உயர்ந்த பண்டமாக விற்கிறார்கள். அதே மீன்தான் இங்கே மலிவு.

சமையலறைக் குறிப்பு

மீன் கிடைத்த இடத்திலேயே குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைக் கத்தியால் முழுவதும் சுரண்டி எடுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். உப்பும் புளிக்கரைசலும் தடவிக் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள். அதன்பின் புளிக் குழம்போ, மஞ்சள் மிளகாய்த்தூள் தடவிய பொரியலோ உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கட்டாயம்: நன்றாக வேக வேண்டும். எகிப்தில் சரியாக வேகாத மடவையையும் உப்பிட்ட மடவையையும் உண்டவர்களுக்குக் குடற்புழு நோய் வந்தது மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

நேயர்களே, மடவை உண்ணத் தகுந்த மீன்தான். ஆனால் நல்ல தண்ணீரில் பிடித்ததாகவும், உடனே சுத்தம் செய்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நம் கையில் இருக்கிறது. முதலாவதும் ஓரளவு நம் கையில்தான் இருக்கிறது. ஆற்றில் எண்ணெய் மிதந்தாலும், நிறம் மாறினாலும், மீன் செத்து ஒதுங்கினாலும் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. பணம் உள்ளவர் வேறு மீன் வாங்கிக்கொள்வார். கரையை நம்பியிருக்கும் ஏழை வீட்டுப் பிள்ளையின் தட்டில்தான் அந்த ஆற்று மீன் விழுகிறது. அந்தத் தட்டை எண்ணியாவது ஆற்றைக் காப்போம்.