வார்ப்பதா, பிழிவதா?



இரயில்வே கிடங்கில் கணக்கெழுதும் நாம் தொழில் நுட்பம் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் கடன் பெற்று அலுமினியப் பட்டறை தொடங்க விழைகின்றனர். அவர்கள் பொருட்டே பேசத் துணிந்தோம்.

உலோகத்துக்கு உருக்கொடுக்கும் வழிகளுள் இரண்டு, டை காஸ்டிங் என்னும் அச்சு வார்ப்பும், எக்ஸ்ட்ரூஷன் என்னும் பிழிவு முறையும் ஆகும். தாய்மார்களுக்கு இவை புதியன அல்ல. இட்லித் தட்டில் ஊற்றிய மாவு குழியின் வடிவைப் பெறுகிறது. முறுக்கு நாழியில் இட்டு அழுத்திய மாவு, துளையின் வடிவில் நீண்டு வருகிறது.

அச்சு வார்ப்பில், 660 பாகை செல்சியஸுக்கு மேல் உருகிய அலுமினியத்தை எஃகு அச்சினுள் பேரழுத்தத்துடன் நொடிப்பொழுதில் செலுத்துவர். துளை, விளிம்பு, மேடு பள்ளம் யாவும் ஒரே வார்ப்பில் அமையும். மோட்டார் சைக்கிள் எஞ்சின் உறைகள் இவ்வாறு பிறப்பனவே. ஆயினும் விரைந்து பாயும் உலோகத்துடன் காற்றும் அகப்பட்டு, உள்ளே நுண்துளைகள் தங்கிவிடுவதுண்டு.

பிழிவு முறையில் உலோகம் உருகுவதில்லை. ஏறத்தாழ 450 முதல் 500 பாகை வரை சூடேற்றி இளக்கிய கட்டியை அச்சுத் துளை வழியே உந்துவர். உலோகம் செறிவாக வெளிவரும். ஆனால் நீளம் முழுதும் ஒரே குறுக்குவெட்டுத்தான். ஈயக் குழாய் செய்ய இம்முறைக்கு 1797-இல் உரிமம் பெற்றவர் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர். 1999-இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் 700 வரிசை ஷிங்கான்சென் வண்டியின் உடல், இவ்வாறு பிழிந்த உட்கூடுள்ள அலுமினியப் பலகைகளால் ஆனது. இரயில்வே குடும்பத்தாராகிய நமக்கு இஃது உவகை தரும் செய்தியன்றோ!

நாம் அறிந்த இளைஞர் ஒருவர் அலமாரிக் கைப்பிடி செய்யப் பெருங்கடன் பட்டு வார்ப்பு அச்சு செய்வித்தார். அச்சின் விலையை மீட்கப் பல்லாயிரம் கைப்பிடி விற்றாக வேண்டும். அவருக்குக் கிடைத்த ஆர்டரோ சில நூறு. அச்சு மூலையில் கிடக்கிறது, வட்டி வளர்கிறது. சீரான வடிவுடைய அக்கைப்பிடியை, பிழிந்த நீளத்தை வாங்கி அறுத்தே செய்திருக்கலாம். பிழிவு அச்சின் விலையும் மிகக் குறைவு.

ஆதலின் பிள்ளைகளே, கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். பொருளின் வடிவம் நெடுகிலும் ஒன்றா, இடத்துக்கு இடம் மாறுவதா? எத்தனை ஆயிரம் விற்கும்? எவ்வளவு பளு தாங்க வேண்டும்? விடை கிடைத்தபின் முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் நல்ல முறைகளே. இடமறிந்து கையாள்வதே தொழிலறிவு.

நம் பிள்ளைகள் பட்டறைகள் தழைக்குமாக!