ஒத்திப் பணம் கொடுப்பதற்கு முன்

திருச்சி எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்கு நிலவரம் தெரியும். 2025-ல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறந்த பிறகு, கேட்கிற அட்வான்ஸே மலைக்க வைக்கிறது. இந்த நேரத்தில், "வாரிய வீடு ஒன்று ஒத்திக்கு வருது, மாத வாடகையே கிடையாது" என்று யாராவது சொன்னால் மனசு சாயத்தானே செய்யும்?

அப்படிச் சாய்ந்த ஓர் அம்மா என்னிடம் வழக்குக்கு வந்தார். பூ கட்டி விற்பவர். நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கொடுத்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து நாலாக மடித்த முத்திரைத்தாளை எடுத்து நீட்டினார். சாட்சிக் கையெழுத்து, நோட்டரி முத்திரை, எல்லாம் இருந்தன. எழுதிக் கொடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கும் உரிமைதான் இல்லை. "சீல் வச்சிருக்கே சார்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது இன்றும் என்னை வருத்துகிறது.

1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு தரும் வீடுகளைத்தான் வாரிய வீடு என்கிறோம். ஒதுக்கீட்டு ஆணையில் யார் பெயரோ, அவர் குடும்பம்தான் குடியிருக்க வேண்டும். தவணை முடிந்து கிரயப் பத்திரம் கைக்கு வரும்வரை வீடு வாரியத்துடையது. உள்வாடகைக்கோ ஒத்திக்கோ விட்டால் ஒதுக்கீடே ரத்தாகலாம்.

ஆனால் யாரையும் எடுத்த எடுப்பில் வெளியேற்றிவிட முடியாது. பொது இடங்களில் அனுமதியின்றிக் குடியிருப்போரை அகற்றுவதற்கான தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் தரவேண்டும். தாய்மார்களே, அதை வாங்க மறுக்காதீர்கள். கதவில் ஒட்டினாலே தந்ததாகிவிடும். ஒதுக்கீடு உங்கள் பெயரில் இருந்து, மகள் பிரசவத்துக்குப் போன இடத்தில் தங்கிவிட்டீர்கள், வீட்டைத் தங்கச்சி பார்த்துக்கொண்டாள் என்றால், அது உள்வாடகை இல்லை என்று ஆஸ்பத்திரிச் சீட்டோடு பதில் எழுதுங்கள். பதில் சொல்லும் இந்த உரிமை புதிதல்ல. பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985-லேயே உச்ச நீதிமன்றம், அகற்றும் முன் அவர்கள் தரப்பைக் கேட்கவேண்டும் என்றது.

பூக்கார அம்மாவுக்குப் பாதிப் பணம் தவணையாகத் திரும்பியது. மீதிக்கு இன்னும் நடக்கிறோம். நேரமாகிவிட்டது. பணத்தை எண்ணும் முன் ஒதுக்கீட்டு ஆணையை வாங்கிப் பாருங்கள்; கிரயப் பத்திரம் கைக்கு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். நோட்டீஸ் வந்துவிட்டதா? திருச்சி நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் பேசலாம். இதைக் கேட்டு ஒரு குடும்பத்தின் நகையாவது அடகுக்குப் போகாமல் இருக்கட்டும்.